பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

கும்பகோணம், மாயவரம், தஞ்சாவூர் வட்டாரத்தில் அறுபது, எண்பது, நூறு வயதான வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். முன்பக்கம் நாட்டு ஓடு, நடுவில் முற்றம், தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள அறைகள், பின்கட்டில் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஒட்டிச் சேர்த்த காங்கிரீட் அறை. பெரும்பாலும் இந்தக் கலவைதான். வீட்டுக்காரர்கள் டைல்ஸ், மாடுலர் கிச்சன், பால்ஸ் சீலிங் என்று பட்டியலோடு வருவார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுக்குள்ள தண்ணி எங்கெல்லாம் வருது?" தண்ணீரை நிறுத்தாமல் செய்த எந்த அழகு வேலையும் இரண்டு மழைக்காலம் தாங்கி நான் பார்த்ததில்லை.

கீழே இருப்பது அறிகுறி வாரியான வழிமுறை. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, செலவு பிடிக்கும் காரணத்துக்குப் போகிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு சோதனை. பூச்சு உதிர்ந்த இடத்தில், இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சாந்தை ஓர் ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவு போல உதிர்ந்தால் சுண்ணாம்பு. பழுப்பாக மண்ணாக வந்தால் மண் சாந்து. சாம்பல் நிறத்தில், ஆணி வழுக்கினால் சிமெண்ட். ஒரே வீட்டில் மூன்றும் இருக்கலாம். அறைக்கு அறை சுரண்டி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதி முடிவுகள் இந்தத் தாளைப் பொறுத்தவை.

1. கூரை சொட்டுகிறது

மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாகச் செருகிய சின்னச் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பில் இட்ட செங்கல் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. தண்ணீர் ஓர் இடத்தில் இறங்கி, ஜல்லிக்குள்ளேயே நடந்து, வேறோர் இடத்தில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தோண்ட வேண்டாம். எப்போது சொட்டுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

*மழை பெய்யும்போதே சொட்டினால்*

வழி திறந்தே இருக்கிறது என்று பொருள். தண்ணீர் வெளியேறும் தூம்பில் வேப்பிலை, மாங்கொட்டை, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை. அங்கே பழைய காலத்தில் சாய்வாக ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அது விட்டுப்போய் விரல்நுனி நுழையும் இடைவெளி இருந்தால், சொட்டுக்குக் காரணம் அநேகமாக அதுதான். மூன்றாவது, கைப்பிடிச்சுவரில் முளைத்த அரச மரக்கன்று. கையால் பிடுங்கினால் இலைதான் வரும், வேர் சுவருக்குள் தடிக்கும். சின்னதாக இருக்கும்போதே சாந்தைக் கொத்தி வேரோடு எடுக்க வேண்டும். சுண்டுவிரலைவிடத் தடித்த வேரை இழுக்காதீர்கள், செங்கல்லோடு பெயர்ந்து வரும். அறுத்துவிட்டு, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, காய்ந்த பிறகு சாந்து அடையுங்கள்.

*மழை விட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சொட்டினால்*

ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல விடுகிறது. தட்டோட்டின் இணைப்புகளைப் பாருங்கள். காய்ந்த நாளில் ஒரு மரக்கட்டையால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொள்ளென்று கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. பொள்ளல் ஓடுகள் அங்கங்கே என்றால் அவற்றை மட்டும் எடுத்து மீண்டும் சுண்ணாம்பில் பதிக்கலாம். பாதித் தளம் அப்படி என்றால் ஜல்லி வரைக்கும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வேண்டும். ரசமட்டம் வைத்து, ஜல்லி போடும்போதே அந்த வாட்டத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு பூச்சில் சரிசெய்து கொள்ளலாம் என்று எந்தக் கொத்தனார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, மேலே ஒரு சிமெண்ட் தளம் போடுவது. "ரெண்டு இஞ்ச் காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிட்டா ஜென்மத்துக்கும் ஒழுகாது சார்" என்பார்கள். இரண்டு அங்குலக் காங்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 125 கிலோ. கட்டை அந்தக் கனத்துக்காக வைக்கப்பட்டதல்ல. நான் பிரித்த ஒரு மாடியில் பழைய தட்டோட்டின் மேல் மூன்று தலைமுறைச் சிமெண்ட் அடுக்குகள் இருந்தன. ஒழுக ஒழுக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இறக்கிய மறுவாரம், கீழே இறுகிக் கிடந்த கதவு தானாகத் திறந்தது.

*மழையே இல்லாமல் சொட்டினால்*

மாடிக் குளியலறை, அல்லது மேல்நிலைத் தொட்டி. இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தொட்டியிலோ குழாயிலோ கசிவு. இறங்கவில்லை என்றால் குளியலறைத் தரை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதைக் கட்டைக் கூரையின் நடுவில் வைத்திருந்தால், கசிவு இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கே சுவரின் மேலுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

*கட்டையைச் சோதிப்பது*

இதை விட்டுவிட்டு மேல்வேலை தொடங்கக் கூடாது. கட்டை நடுவில் கெடுவது குறைவு. சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் இற்றுப்போகும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் நிற்கும். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு கோணி ஊசியை அழுத்துங்கள். நல்ல தேக்கில் நுனி மட்டும் பதியும். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. பிறகு கட்டையின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு தொய்வு என்று அளந்து, தேதியோடு சுவரில் எழுதிவையுங்கள். பழைய மரம் கொஞ்சம் தொய்ந்திருப்பது இயல்பு. இரண்டு மாதத்தில் அளவு கூடினால் இயல்பல்ல.

ஒன்றிரண்டு முனைகள் மட்டும் என்றால் இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முறுக்கலாம், அல்லது சுவரை ஒட்டி ஒரு இரும்புச் சேனல் கொடுத்து முனைகளைத் தாங்கலாம். அடுத்தடுத்து மூன்று கட்டைகள் போயிருந்தாலோ, கட்டைகளுக்கு நடுவே உள்ள செங்கல் ஓரிரண்டு நழுவி விழுந்திருந்தாலோ, அந்த அறையைக் காலி செய்து முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். அதுவரை அந்தக் கூரை மேல் யாரும் ஏறக் கூடாது. தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையும் வேண்டாம். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு நூறு கிலோ.

கூரை வேலைக்குத் தை மாதம் பிறந்ததும் ஆரம்பித்தால் நல்லது. ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்பு இறுக அவகாசம் கிடைக்கும். ஆவணியில் தொடங்கிய கூரை வேலை, தார்ப்பாய் போட்டு மூடிய கூரையோடுதான் தீபாவளி பார்க்கும்.

2. சுவரின் அடிப்பக்கம் ஊறுகிறது, உப்புப் பூக்கிறது, பெயின்ட் உரிகிறது

எங்கள் பக்கத்தில் இதற்கு ஓதம் என்று பெயர். பெயின்ட் கடைக்குப் போகுமுன் ஈரம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று நின்று பாருங்கள்.

*தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை, சுவர் நெடுக ஒரே கோடாக*

மண்ணிலிருந்து ஏறுகிறது. முதல் காரணம் இலவசமாகவே தீரும்: சுவரின் வெளிப்பக்கம் யாரோ மண், ஜல்லி, பூந்தொட்டி, விறகு குவித்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள். இரண்டாவது, கூரைத் தண்ணீர் விழுந்து சுவரடியிலேயே நிற்பது. ஒரு குழாய், ஒரு சின்ன வாய்க்கால் போதும்.

மூன்றாவதுதான் நம் ஊர்களின் பெரிய நோவு. தெரு உயர்ந்துவிட்டது. பழைய தார்மேல் புதுத் தார், அதன்மேல் சிமெண்ட் சாலை என்று போட்டுப்போட்டு, மூன்று படி ஏறிப்போன திண்ணை இப்போது தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே உயர்ந்துவிட்ட இடத்தில், தெருவோரச் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் குழி எடுத்து, கூழாங்கல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் வைத்துத் தண்ணீரைத் திருப்பிவிடலாம். வெளியே இடம் உங்களுடையதாக இருந்தால்தான் இது முடியும்.

*ஓர் இடத்தில் மட்டும் திட்டாக*

பின்னால் குளியலறையோ குழாயோ இருக்கும். முன்பு சொன்ன தொட்டிச் சாக்பீஸ் சோதனையைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அந்தப் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். அக்ரகாரத்து வரிசை வீடுகளில் ஒருவர் சுவரில் ஊறும் தண்ணீர் அடுத்தவர் வாஷ்பேசினிலிருந்து வருவது சகஜம். சண்டைக்குப் போகாமல், அவர்களையும் கூட்டி வந்து காட்டுங்கள். அவர்கள் பக்கமும் சுவர் கெட்டுக்கொண்டுதான் இருக்கும்.

*எங்கும் லேசான ஈரம், எங்கிருந்து என்று தெரியவில்லை*

ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் துளித்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளித்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. அடைத்த ஜன்னலைத் திறப்பதே வைத்தியம்.

*பூச்சு வேலை எப்படி*

ஆரம்ப காலத்தில் ஓதம் பிடித்த ஒரு சுண்ணாம்புச் சுவருக்கு நானே நல்ல தரமான சிமெண்ட் பூச்சும் வாட்டர்ப்ரூஃப் கலவையும் போட்டுக் கொடுத்தேன். ஓராண்டு பளபளவென்று இருந்தது. அடுத்த ஆண்டு ஈரம் நான்கடிக்கு மேல் ஏறி, பூச்சு இல்லாத இடத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் மேலே ஏறும். அந்த வீட்டுக்காரர் கொடுத்த பணத்துக்கு இன்றுவரை நான் வருந்துகிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கில் முக்கால் அங்குலம் சாந்தைச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். பிறகு காய விடுங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவருக்கு அத்தனை மாதம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஆனால் ஒரு முழுக் கோடையாவது விடுங்கள். சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றும் முறை கடைசி வழி. செங்கல் சுவரில் பலன் உண்டு. மண் சாந்துச் சுவரில் மருந்து போன இடம் தெரியாது, அங்கே அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடி போல் மின்னும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு இருந்தால் அதன்மேல் எதையும் அடிக்க வேண்டாம். அந்த வேலை தெரிந்த கைகள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. தேடிப் பிடியுங்கள்.

3. காங்கிரீட் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிகிறது

பின்கட்டில் சேர்த்த அறைகளில் இது வரும். கம்பி துருப்பிடித்து ஊதி, அடியில் உள்ள காங்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பிக்கு அடியில் போதிய கவரிங் (கம்பியை மூடும் காங்கிரீட் தடிமன்) விடாததும், உப்புத் தண்ணீரில் கலவை போட்டதும்தான் பெரும்பாலான இடங்களில் காரணம்.

*நேர்கோட்டில் பழுப்புக் கறை, ஆனால் எதுவும் விழவில்லை:* மேலே தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். மேல்தளத்தைச் சரிசெய்து, அடியில் தட்டிப் பார்த்து, பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

*அங்கங்கே பெயர்ந்திருக்கிறது, கம்பி தடிமன் குறையவில்லை:* இளகியதை முழுவதும் கொத்தி, கம்பியின் பின்பக்கம் வரை வெளியே எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கி, துருத் தடுப்பு பூசி, ஒட்டுக் கலவை தடவி, பாலிமர் சாந்தால் அடைக்க வேண்டும். வெறும் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் ஒன்றிரண்டு ஆண்டில் அதுவும் சேர்ந்து விழும்.

*கம்பி மெலிந்து, அங்கங்கே அறுந்திருக்கிறது. அல்லது கூரை கண்ணுக்கே தொய்ந்து தெரிகிறது:* அடியில் முட்டு. மேலே உள்ள தொட்டி, செடித்தொட்டி எல்லாம் கீழே. கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். இன்ஜினியர் வந்து, காங்கிரீட்டின் உறுதியைப் பார்க்கும் ரீபவுண்ட் சுத்தியலால் சோதித்துச் சொல்லும்வரை கொத்தனார்கூட உளியைத் தொடக் கூடாது. இந்தக் கட்டத்தில் இடித்துக் கட்டுவதே செலவு குறைவாக முடியலாம். அதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. விரிசல்

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. வடிவத்தையும் அசைவையும் பாருங்கள்.

*பழைய சுவரும் பிற்பாடு சேர்த்த சுவரும் சந்திக்கும் இடத்தில் செங்குத்தாக:* இரண்டும் தனித்தனியாக இறங்குகின்றன. அடைத்தாலும் வரும். இளகும் தன்மையுள்ள சீலண்ட் போட்டு விட்டுவிடலாம்.

*காங்கிரீட் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கையாக:* வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதால் வருகிறது. மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட்டால் குறையும்.

*ஜன்னல், வாசல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் சாய்வாக:* இதைத்தான் கவனிக்க வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பசையால் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. காவிரிப் படுகையின் களிமண் சித்திரையில் சுருங்கும், கார்த்திகையில் ஊறி உப்பும். சித்திரையில் திறந்து கார்த்திகையில் மூடும் விரிசல் மண்ணால் வருவது. ஒரு முழு வருடம் பார்க்காமல் அடைக்காதீர்கள். சுவரடியில் உடைந்த சாக்கடைக் குழாய் மண்ணைக் கரைக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்ததாலேயே நின்றுபோன விரிசல்கள் உண்டு.

*இந்த வேலையின்போது புதிதாக வந்தது:* எதை இடித்தீர்கள் என்று கேட்பேன். ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுப்பதுதான் இப்போது எல்லோர் ஆசையும். மேலே ஏறிப் பாருங்கள்: கட்டைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன? கட்டை உட்கார்ந்த சுவர் தாங்கும் சுவர். அதை முட்டும் இரும்பு உத்திரமும் இல்லாமல் எடுக்கவே கூடாது. கட்டை அதற்கு இணையாக ஓடினாலும், மேலே மாடிச் சுவர் ஒன்று அதன்மேல் நிற்கலாம். ஏற்கெனவே இடித்துவிட்டீர்கள், விரிசல் வருகிறது என்றால் அன்றைக்கே முட்டு, அன்றைக்கே இன்ஜினியர்.

பென்சில் நுழையும் அகலம், சுவர் தூக்குக்குண்டுக்கு வெளியே சாய்வது, கண்ணாடி ஒரு மாதத்துக்குள் உடைவது: மூன்றில் ஒன்று இருந்தாலும் கொத்தனாரோடு முடிக்க வேண்டாம்.

5. சுவிட்ச் போட்டால் டிரிப் ஆகிறது, குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது

*ஒரு குறிப்பிட்ட பொருள் போட்டால் மட்டும் டிரிப்:* பொருளில் கோளாறு. வேறு அறையில் போட்டுப் பாருங்கள்.

*எதுவும் போடாமலே டிரிப்:* எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள, தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. ஈரச் சுவருக்குள் ஓடும் லைனாகத்தான் அநேகமாக இருக்கும். இரண்டாம் பகுதிக்குப் போய் முதலில் ஈரத்தைத் தீருங்கள்.

*மரப்பட்டைக்குள் ஓடும் பழைய ரப்பர் வயர்:* வளைத்தால் ரப்பர் பொடியாக உதிரும். இதைச் சோதிக்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதுதான். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று கேளுங்கள். பூச்சு வேலைக்கு முன் இதை முடிக்க வேண்டும், பிறகு என்றால் புதுச் சுவரை மீண்டும் வெட்டுவீர்கள்.

*குளியலறைக் குழாயில் ஷாக்:* இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பழைய வீடுகளில் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளம்பர் அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்ட அன்றே வீட்டுக்கு எர்த் இல்லாமல் போய்விடும். யாருக்கும் தெரியாது. கீசரில் கசிவு வந்தால், மிச்சம் இருக்கும் இரும்புத் துண்டுகளில் மின்சாரம் வந்து நிற்கும். மெயினை அணையுங்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீசியனை வைத்துப் புது எர்த் குழி எடுத்து, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, வயரின் காப்பைச் சோதிக்கும் மெகர் கருவி வைத்து எல்லா லைனும் சோதித்த பிறகுதான் யாரும் குளிக்க வேண்டும். ஏசி, இண்டக்ஷன் அடுப்பு சேர்ப்பதாக இருந்தால் கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள்.

6. தண்ணீர் சன்னமாக வருகிறது, காலையில் செம்பழுப்பாக வருகிறது

ஒரே குழாயில் சன்னம் என்றால் அந்தக் குழாய் வாயின் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். எல்லாக் குழாயிலும் சன்னம் என்றால் தொட்டி வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி, காலையில் முதல் குடம் மட்டும் பழுப்பு என்றால், ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருவேறிச் சுருங்கிவிட்டது. ஓர் இணைப்பைக் கழற்றினால் அடுத்த இணைப்பு நொறுங்கும். ஒரு துண்டு மாற்ற வந்த பிளம்பர் மாலையில் முழு லைனும் போச்சு என்று சொன்னால் அவர் ஏமாற்றவில்லை. முதலிலேயே முழு லைனுக்கும் கணக்குப் போடுங்கள். வெந்நீருக்கு சிபிவிசி, அதாவது சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்.

மேலே இருந்து கீழ்வரை புதுக் குழாய் போட்டும் ஷவர் பலவீனமாக வந்தால், தொட்டி உயரம் போதவில்லை. பத்தடி உயர வித்தியாசம் கொடுக்கும் அழுத்தம் 0.3 பார்தான்.

7. மரத்தில் அரிப்பு

மண் வரி ஏறியிருந்தால் கரையான். மரத்துக்குக் கீழே மாவு கொட்டியிருந்தால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மண் வரியை ஓர் அங்குலம் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் அடைத்திருந்தால் உயிரோடு இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து இறக்கும் வேலை பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களுடையது. துளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் இறங்க வேண்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். கிணறு உள்ள வீடு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து தண்ணீரில் இறங்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். வாசம் போனதும் கரையான் திரும்பும், அதற்குள் தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

அரித்த வாசல் நிலைச்சட்டத்தையும் கதவையும் தூக்கி எறியுமுன் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அடிப்பக்கம் ஓரடி மட்டும் போயிருந்தால் வெட்டி ஒட்டுப்போடலாம். அந்தக் காலத்துத் தேக்கு இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது பற்றி இங்கேயே சொல்கிறேன். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துச் சுரண்டி, தூளைப் பொட்டலம் கட்டி எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வாரம் வேறு வீட்டில் இருக்கட்டும். கொல்லையில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் அடித்து உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள்.

8. தரையைத் தட்டினால் பொள்ளென்கிறது

*ஓரிரண்டு கல், டைல்:* அடியில் மணல் இறங்கியிருக்கும். எடுத்துவிட்டு மீண்டும் பதியுங்கள். ஆத்தங்குடிக் கல் என்றால் உளியை ஓரத்தில் வைக்காமல், உடைந்து போன ஒரு கல்லிலிருந்து தொடங்கி மற்றவற்றை நெம்புங்கள். இணையான பூ வேலை ஆத்தங்குடியில் செய்து வாங்கலாம். புதுசு சில வருடம் நிறம் கூடுதலாகத் தெரியும்.

*நாலைந்தடி வட்டத்தில், நடந்தால் அதிர்கிறது:* நிறுத்துங்கள். தூர்த்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பழைய கிணறாகவோ, மூடி போட்டு மறந்த கழிவுத் தொட்டியாகவோ இருக்கலாம். கொல்லைப்புறத்தை வீட்டோடு சேர்த்துக் கட்டிய இடங்களில் இதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். வீட்டின் வயதானவர்களை, பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். "அங்கதானே பழைய கக்கூஸ் இருந்துச்சு" என்று அவர்கள்தான் சொல்வார்கள். சுற்றிலும் கயிறு கட்டுங்கள், மேலே சிமெண்ட் மூட்டை அடுக்காதீர்கள்.

கழிவுத் தொட்டி என்றால் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும், அவர்களே இறங்குகிறேன் என்றாலும். உள்ளே தேங்கிய வாயு ஒரு மூச்சில் ஆளை விழவைக்கும், காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்ப மாட்டார். அப்படி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. நகராட்சியில் சொல்லி, உறிஞ்சும் லாரி வரவழைத்து, வெளியே நின்றே காலி செய்து, மூடியை முழுவதும் திறந்து காற்றோட விட்டு, அதன்பின் மேலிருந்தபடியே மண்ணும் ஜல்லியும் அடுக்கடுக்காகக் கொட்டி, நீளக் கழியில் கட்டிய திமிசால் (மண்ணை இறுக்கும் கனமான கட்டை) இடித்து நிரப்புங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டு இறக்குங்கள். ஒரு மழைக்காலம் போன பிறகு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, மிச்சத்தை நிரப்பி, அதன்பிறகே அங்கே டைல்ஸ் வாங்குங்கள்.